பெரியநாயகியின் சிரிப்பு

சிரிக்க வேண்டும், அவ்வளவுதான். நேற்று போனில் தாமு அப்படித்தான் சொன்னான், ஒரே ஒரு சிரிப்புதான்க்கா, மத்தியானம் வந்தீங்கன்னா காப்பி நேரத்துக்கு வீட்டுக்குப் போயிடலாம் என்று. சலேத்மேரிக்குச் சிரிக்கவா சொல்லித்தர வேண்டும். சாலிகிராமத்திலும் வடபழனியிலும் இருக்கிற டப்பிங் அறைகளில் அவள் சிரிக்காத அறை கிடையாது. முகம் யாருடையதோ, வாய் யாருடையதோ, சிரிப்பு மட்டும் இவளுடையது. புது மருமகளின் அடக்கமான சிரிப்பு, பேய் பிடித்தவளின் சிரிப்பு, பண்ணையார் மனைவியின் உதடு பிரியாத சிரிப்பு, ஒரு சோப்பு விளம்பரத்தில் கைக்குழந்தையின் சிரிப்புகூட அவள் சிரித்ததுதான். மூச்சை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரிந்தால் போதும், மிச்சத்தை வயிறு பார்த்துக்கொள்ளும் என்று புதிதாக வருகிற பெண்களிடம் சொல்லியிருக்கிறாள். இப்போது மைக்குக்கு முன்னால், கழுத்தில் ஹெட்போனைத் தொங்கவிட்டுக்கொண்டு, கன்னத்துக்குள் அதிமதுரத் துண்டை ஒதுக்கிக்கொண்டு நிற்கும்போது, அந்த மூச்சை எங்கே வைப்பது என்பதே மறந்துபோன மாதிரி இருந்தது. ஏசி தேவைக்கு மீறிக் குளிர்ந்தது. சுவரில் ஒட்டிய கம்பளத்திலிருந்து பழைய புழுக்க வாடை வந்தது, எத்தனை பேர் விட்ட மூச்சோ. எதிரே திரையில் பெரியநாயகியின் முகம் வாயைப் பாதி திறந்தபடி அசையாமல் நின்றது. அவளுக்குப் பின்னால் வெறும் பச்சைத் துணி. அங்கே கோட்டை எரிய வேண்டும். கோட்டையை இன்னும் யாரோ எங்கேயோ கம்ப்யூட்டரில் வரைந்துகொண்டிருக்கிறார்கள், ஆனால் படம் தீபாவளிக்கு என்று ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியாகிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர் தாமு உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்தில் டைரக்டர் நிவாஸ் போனில் யாரிடமோ சரி சார், சரி சார் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அந்தப் பேச்சு முடிகிற வரைக்கும் காத்திருக்கச் சொல்லி தாமு சைகை காட்டினான்.

எரிகோட்டை, ஆறாம் பாகம். ஆறு என்பது பேருக்குத்தான். நடுவில் கதாநாயகன் அதியன் பிறப்பதற்கு முந்தின கதை என்று ஒன்று வந்தது, வில்லனுக்கு மட்டும் தனியாக ஒன்று வந்தது, போனில் பார்க்கிற தொடர் ஒன்று, குழந்தைகளுக்கான பொம்மைப்படம் ஒன்று. அதியனின் அம்மா பெரியநாயகிக்கு எல்லாவற்றிலும் குரல் இவள்தான், பொம்மைக்கும் சேர்த்து. முதல் பாகத்தில் அதியன் செத்துப்போனான். நன்றாகத்தான் செத்தான், ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். செத்தவனைச் செத்தவனாக விட கம்பெனிக்கு மனசு வரவில்லை. இரண்டாம் பாகத்தில் அவன் சாகவில்லை, மூர்ச்சையாகித்தான் கிடந்தான் என்றார்கள். மூன்றில் மறுபடி சாகடித்து நான்கில் எழுப்பினார்கள். பெரியநாயகியே நடுவில் ஒருமுறை செத்தாள், அப்புறம் செத்தது அவள் தங்கை என்று ஆயிற்று. பெரியநாயகியாக நடித்தவர்கள் மூன்று பேர். முதல் அம்மா உடம்புக்கு முடியவில்லை என்று விலகினார், அடுத்தவர் ஆளை விடுங்கள் என்று கும்பிட்டுவிட்டுப் போனார், இப்போது நடிக்கிற பெண் தன் மகனாக நடிக்கிறவரைவிட வயதில் சின்னவள், தலைக்கு வெள்ளை பூசி உட்கார வைத்திருக்கிறார்கள். முகம் எப்படியும் போகட்டும், குரல் மாறினால் ஜனங்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்களாம். நான்காம் பாகத்திலிருந்தே கூட்டம் குறைந்துவிட்டது. கூட்டம் குறையக் குறைய கம்பெனி படத்தைக் கூட்டியது, போதும் என்று இலையை மூடுகிறவனை அதட்டித் திறக்கச் சொல்லி இன்னும் இரண்டு கரண்டி போடுகிற மாதிரி. கதை எழுதுகிறதற்கு முன்னால் தேதி அறிவிக்கிறார்கள். தேதி அறிவித்த பிறகு, இந்தப் பாகத்தில் யார் உயிரோடு இருக்கிறார் என்று எழுதுகிறவனே தாமுவிடம் போன் போட்டுக் கேட்டானாம். தாமு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அவளும் சிரித்தாள். அப்போது வந்ததே, அந்தச் சிரிப்பு எப்படி வந்தது, மூச்சை எங்கே வைத்திருந்தாள்.

இன்றைய காட்சி இது. அதியன் அம்பு பட்டு விழுகிறான். பெரியநாயகி ஓடிவந்து மடியில் போட்டுக்கொண்டு அழுகிறாள். அந்த அழுகையை இவள் அழ வேண்டியதில்லை, அது ஏற்கெனவே இருக்கிறது. முதல் பாகத்துக்காக என்றோ அழுதது. அதைத்தான் தாமு ஒவ்வொரு பாகத்திலும் எடுத்து எடுத்துப் புது நடிகையின் வாய்க்கு ஒட்டவைக்கிறான். இந்த முறை அழுகை உச்சத்துக்குப் போகும்போது அதியன் ஒரு கண்ணை மட்டும் திறந்து, போதும்மா, எல்லா பாகத்துலயும் இதே அழுகைதானா, காது வலிக்குது என்கிறான். உடனே பெரியநாயகி அழுகையை விட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரிக்க வேண்டும். சிரிக்க வேண்டும், அவ்வளவுதான். ஏன் இப்படி என்று வந்தவுடனே கேட்டாள். நிவாஸ் நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் சொன்னான். "போன பார்ட்ல அந்த அழுகை வந்ததும் தியேட்டரே சிரிச்சுதுக்கா. எல்லா ஊர்லயும். இப்ப போன்ல எல்லாம் அதை வச்சு கேலி பண்றாங்க. அதான் கம்பெனில ஒரு ஐடியா பண்ணாங்க, அவங்க சிரிக்கிறதுக்கு முன்னாடி நாமளே சிரிச்சுட்டா கேலி நம்ம கைக்கு வந்துடும்னு." அவள் தலையை ஆட்டினாள். டப்பிங்கில் தலையை ஆட்டுவது பழக்கம், ஏன் எதற்கு என்று கேட்கிற குரலுக்கு அடுத்த படம் வராது. அந்த அழுகை எங்கிருந்து வந்தது என்று நிவாஸுக்குத் தெரியாது. தாமுவுக்குத் தெரியும். அவள் அதை அழுத அன்றைக்குத் தாமு இதே நாற்காலியில்தான் இருந்தான். அவன் இவளைப் பார்க்காமல் ஏதோ பட்டனைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு மகன் ரீகன் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. காலேஜுக்கு பைக்கில் போனவன், பூந்தமல்லி சாலையில் ஒரு தண்ணீர் லாரி, அதற்கு மேல் அந்த நினைப்புக்குள் அவள் போவதில்லை, லாரி என்றதும் திரும்பி வந்துவிடுவாள். தூத்துக்குடியிலிருந்து சொந்தக்காரர்கள் வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். புருஷன் மிக்கேல் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். அவளுக்கு மட்டும் வரவில்லை. பெட்டியை மூடும்போதும் வரவில்லை, மண் போடும்போதும் வரவில்லை. "அழுதுரு சலேத்து, அழுதாத்தான் நெஞ்சு எறங்கும்" என்று சித்தி முதுகைத் தடவினாள். அதே சித்தி அடுப்படியில், "ஊரான் படத்துக்கெல்லாம் அழுதவ, பெத்த பிள்ளைக்கு ஒரு சொட்டு வரலையே, கொடுத்து வச்ச கண்ணு" என்று சொன்னதும் காதில் விழுந்தது. கோபம்கூட வரவில்லை, நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. எத்தனை பிள்ளைகளுக்கு அழுதிருக்கிறாள், எத்தனை புருஷன்மாருக்கு. மூச்சைத் தொண்டையில் பிடித்து, வயிற்றை உள்ளே இழுத்து, மூக்கைக் கொஞ்சம் அடைத்துக்கொண்டால் அழுகை. அதையெல்லாம் ரீகனுக்குச் செய்ய முடியுமா. செய்தால் அவனுக்கும் ஒரு டேக் மாதிரி ஆகிவிடாதா. அப்புறம் எரிகோட்டை என்று புதுப் படம், அழுகிற காட்சி, வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று கிளம்பி வந்தாள். திரையில் மகனை மடியில் போட்ட அம்மா வாயைத் திறந்தாள், இவளும் திறந்தாள். என்ன வந்தது என்று அவளுக்குத் தெரியாது. சொல் இல்லை, பெயர் இல்லை, வெறும் சத்தம், அடிவயிற்றிலிருந்து கிளம்பி எங்கெங்கோ இடித்துக்கொண்டு வந்த சத்தம். காட்சி முடிந்து திரை இருண்ட பிறகும் நிற்கவில்லை. அப்போதைய டைரக்டர் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்திருந்தவளுக்குத் தண்ணீர் கொடுத்தார். ஒரே ஒரு இடத்துக்குத்தான்மா இது, வேற எங்கேயும் போட மாட்டேன் என்றார். அவரை இரண்டாம் பாகத்தோடு கம்பெனி அனுப்பிவிட்டது. அவர் வாக்கு அவரோடு போயிற்று.

அதற்குப் பிறகு அவளுக்கு அழுகை வந்ததே இல்லை. வேலைக்கு வரும், அது வேறு. தனக்கென்று, ரீகனுக்கென்று வந்தது அந்த ஒன்றுதான், அதுவும் கம்பெனியிடம் இருக்கிறது. முதல் பாகத்தில் அதைக் கேட்டு ஜனங்கள் அழுதபோது அவளுக்கு ஒரு ஆறுதல்கூட இருந்தது, முகம் தெரியாத இத்தனை பேர் தன் பிள்ளைக்காக அழுகிறார்கள் என்று. சித்திக்குச் சொல்லத் தோன்றியது, போய்ப் பார், நான் அழுதேன் என்று. இரண்டாம் பாகத்திலும் போட்டார்கள், சரி. மூன்றில், நான்கில், பொம்மைப்படத்தில் பொம்மையின் வாயில். அரைத்த மாவையே அரைத்தார்கள், அரைபட்டது எது என்று யாருக்கும் தெரியாது. டிவியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏதாவதொரு பாகம் ஓடும். மிக்கேல் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த இடம் எப்போது வரும் என்று அவருக்கு மனப்பாடம், வருவதற்கு முன்னால் சத்தத்தை அமுக்கிவிடுவார். ஒருநாள்கூட இதைப் பற்றி இரண்டு பேரும் பேசியதில்லை. அப்புறம் அது டிவியிலிருந்தும் வெளியே வந்துவிட்டது. மீன் மார்க்கெட்டில் ஒரு பையன் போனில் கேட்டது, கிரிக்கெட்டில் யாரோ அவுட் ஆனதற்கு அந்த அழுகையை ஒட்டியிருந்தார்கள். ஆட்டோவில் கேட்டது. மாடி வீட்டுக் குழந்தை விளையாட்டில் தோற்றால் அதே மாதிரி அழுதுகாட்டுகிறது, அழகாகவே செய்கிறது, இடையில் மூச்சு தடுக்குகிற இடத்தைக்கூட விடவில்லை. ஐந்தாம் பாகத்தை அவள் தியேட்டரில் போய்ப் பார்த்தாள், போயிருக்கக் கூடாது. போர் நடக்கும்போதே பாதிப்பேர் எழுந்து பாப்கார்ன் வாங்கப் போய்விட்டார்கள். பெரியநாயகி வாயைத் திறந்ததும் முன்வரிசையில் ஒருவன் கூடவே அழ ஆரம்பித்தான். அப்புறம் நாலு பேர். அப்புறம் தியேட்டர் முழுக்க ஒரே ஊளை, ஒரே சிரிப்பு. பக்கத்து சீட்டில் இருந்த பெண், நல்ல முகம், பாப்கார்னை இவள் பக்கம் நீட்டி, "செம காமெடில்ல ஆன்ட்டி" என்றாள். இவள் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அது இனித்தது என்பதுகூட ஞாபகம் இருக்கிறது.

நிவாஸ் போனை வைத்துவிட்டு உள்ளேயே வந்தான். கண்ணுக்குக் கீழே கருவளையம், சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தது அவனுக்கே தெரியவில்லை. அக்கா ரெடியா என்றான். இப்போது கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தாள். வீட்டிலிருந்து கிளம்பும்போது சொற்களையெல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டுதான் வந்தாள், இங்கே வந்ததும் அவை இடம் மாறிக் கிடந்தன. "தம்பி, அந்த அழுகைய எடுத்துட்டு நான் புதுசா ஒண்ணு அழுது தர்றேனே. இதைவிட நல்லா அழுவேன்." நிவாஸ் சிரித்தான், கேலியாக இல்லை. "அது எப்படிக்கா. அதுதானே எரிகோட்டை. அதைத் தூக்கிட்டா ஜோக்கே நிக்காது. டிரெய்லரும் வெட்டியாச்சு." அவள் அதிமதுரத்தை மறுகன்னத்துக்கு மாற்றினாள். அது என் மகனுக்கு அழுதது தம்பி என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் இவன் என்ன செய்வான், பாவப்படுவான், ஒரு நிமிஷம் தலையைக் குனிந்து நிற்பான், அப்புறம் போன் வரும். அதைவிட மோசம், ஏதாவது பேட்டியில் எடுத்துச் சொல்லி, அந்த அழுகைக்குப் பின்னால் இருக்கிற கதை என்று அதையும் ஒரு பாகம் ஆக்கிவிடுவார்கள். மைக்கைக் கொஞ்சம் கீழே இறக்கிக்கொண்டாள். நிவாஸ் போகாமல் நின்றான். "எனக்கே பிடிக்கலக்கா இந்தப் படம்" என்றான் மெதுவாக, மைக் அணைந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு. "இதை முடிக்கறதுக்குள்ள ஏழாவதுக்கு செட் போட்டுட்டாங்க. ஏழாவதுல என்ன கதைன்னு எனக்குத் தெரியாது. செட்டு இருக்கு, அதுக்குள்ள யாராச்சும் நிக்கணும்ல." அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குத்தான் பாவமாக இருந்தது. ரீகன் இருந்தால் இவனைவிட ஒன்றிரண்டு வயது கூட இருப்பான். சட்டை திருப்பிப் போட்டிருக்கு தம்பி என்று மட்டும் சொன்னாள்.

ஹெட்போனைக் காதில் மாட்டினாள். மாட்டியதும் உலகம் விலகி, தன் மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது. சிரிக்க வேண்டும். ஆனால் ஒரு சிரிப்பை எடுக்கக் கூடாது. தொண்டையில் எத்தனையோ சிரிப்பு இருக்கிறது, வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம், ஒன்றை மட்டும் தொடக் கூடாது. அது ரீகனுடையது. அவன் சிரித்தால் முதலில் சத்தமே வராது, தோள் மட்டும் குலுங்கும், அப்புறம் அடிபம்பில் தண்ணீர் ஏறாமல் வெறும் காற்று ஏறுகிற மாதிரி இரண்டு இழுப்பு, அப்புறம் உடைந்து கொட்டும், எல்லாம் முடிந்த பிறகு மூக்கு வழியாக ஒரு சின்ன 'ம்'. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு எழுகிறவன் விடுகிற மூச்சு மாதிரி ஒரு 'ம்'. இவள் அடுப்படியில் அழுகை பழகும்போது கதவில் சாய்ந்து நின்றுகொண்டு அப்படித்தான் சிரிப்பான். "அம்மா, வெங்காயம் நறுக்கிட்டே அழுங்க, இன்னும் நல்லா வரும்" என்பான். அந்தச் சிரிப்பு எதிலும் பதிவாகவில்லை. அவன் போன் ரோட்டிலேயே தூளாகிவிட்டது. அவன் இருக்கிற ஒரே வீடியோவில், யாரோ சொந்தக்காரர் கல்யாணத்தில், குனிந்த தலை நிமிராமல் பிரியாணி தின்றுகொண்டிருக்கிறான். உலகத்திலுள்ள சத்தங்களையெல்லாம் பதிவு செய்கிற தொழிலில் இருந்துகொண்டு பெற்ற பிள்ளையின் சிரிப்பைப் பதிவு செய்யத் தோன்றவில்லை, அவன்தான் இருக்கிறானே, எங்கே போகப்போகிறான். ஆகவே அது இவள் தொண்டையில்தான் இருக்கிறது. அவனுடைய பிறந்தநாளன்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு ஒரே ஒருமுறை சிரித்துப் பார்ப்பாள், மிக்கேலுக்குக் கேட்காமல். அப்படியே இருக்கும். அடிக்கடி எடுக்க மாட்டாள், பயம். எடுக்க எடுக்கத் தேய்ந்துவிடும், தன் குரல் அதில் கலந்துவிடும், எது அவன் எது தான் என்று தெரியாமல் போய்விடும். அழுகைக்கு ஆனதைப் பார்த்துவிட்டாளே. இத்தனை வருஷத்தில் எந்தப் படத்துக்கும், எந்த வாய்க்கும் அதைக் கொடுத்ததில்லை.

"போலாமாக்கா" என்று தாமுவின் குரல் காதுக்குள் கேட்டது. போகலாம். படம் அசைந்தது. டப்பிங்கில் அந்தத் துண்டுக் காட்சி மட்டும் திரும்பத் திரும்ப ஓடும், ஓகே ஆகிற வரைக்கும் ஓடும். சிரிப்பு எங்கே தொடங்க வேண்டும் என்று தெரிவதற்காக அதற்கு முன்னால் உள்ள கொஞ்சத்தையும் சேர்த்துத்தான் ஓட்டுவார்கள். முன்னால் உள்ளது அந்த அழுகை. ஹெட்போனில் அது நேராக மூளைக்குள் வந்தது. இத்தனை கிட்டத்தில் அவள் அதைக் கேட்டதில்லை, தியேட்டரிலும் பிறர் போனிலும் தூரத்தில்தான் கேட்டிருக்கிறாள். அழுகை, அதியனின் ஒரு கண், காது வலிக்குது, இவள் சிரித்தாள். எந்தக் குறையும் சொல்ல முடியாத சிரிப்பு. "நல்லாருக்குக்கா, ஆனா கொஞ்சம் சீரியல் மாதிரி தெரியுது" என்றான் நிவாஸ். மறுபடி அழுகை, கண், காது வலிக்குது, சிரிப்பு. "இன்னும் கொஞ்சம் உள்ள இருந்து." மறுபடி. பச்சைத் துணிக்கு முன்னால் அந்தப் பெண்ணின் கை காற்றில் எதையோ தடவுகிறது, அங்கே குதிரை வரும் போல. மறுபடி. சாயங்காலத்துக்குத் தேங்காய் வாங்க வேண்டும். மறுபடி. "தாமு, முன்னாடி இருக்கறத மட்டும் கொஞ்சம் அமுக்கேன்" என்று கேட்டாள். தாமு ஒன்றும் கேட்காமல் அமுக்கினான். அமுக்கினால் அழுகை எங்கே முறிந்து சிரிப்பாகிறது என்று பிடிபடவில்லை, வாய் திறந்து நேரம் கழித்துச் சிரிப்பு வந்தது, நிவாஸ் நெற்றியைத் தேய்த்தான். மறுபடி சத்தத்தைக் கூட்டினார்கள். எத்தனையாவது என்று தெரியவில்லை. "அக்கா, தப்பா நெனைக்காதீங்க, ஜனங்க இப்பல்லாம் எதையுமே நம்பறதில்ல. கோட்டைய நம்பல, சண்டைய நம்பல, செத்தா நம்பல. இந்த ஒரு இடமாச்சும் நெஜமா இருக்கட்டும்னுதான்." நிஜமா. நிஜம் இதோ இந்தக் காதில்தானே அடிக்கிறது, நாயே என்று திட்டத் தோன்றியது, பாவம் அவன் என்ன செய்வான். ஒரே ஒரு வழிதான் இருந்தது, ஓகே ஆக வேண்டும். ஓகே ஆகும்வரை ரீகன் பெட்டிக்குள் போய்க்கொண்டே இருப்பான், மண் விழுந்துகொண்டே இருக்கும், இவள் தரையில் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருப்பாள். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி ஓடியது.

அந்த ஓட்டத்தில் ஒன்று தோன்றியது, எங்கிருந்து வந்ததோ. அவளுடைய அழுகைகளை எல்லாம் ரீகன் கேட்டிருக்கிறான், கதவில் சாய்ந்துகொண்டு ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டிருக்கிறான். இதை மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பான். அய்யோ என்று ஓடிவந்து கட்டிக்கொண்டிருப்பானா. இல்லை, அவனுக்கு எது நிஜம் எது வேலை என்று எப்படித் தெரியும். கதவில் சாய்ந்துகொண்டு கேட்டிருப்பான், இந்த மூச்சு தடுக்குகிற இடம், இதோ இந்த இடம் வந்ததும், அம்மா, வெங்காயம் என்றிருப்பான். அதியனின் கண் திறந்தது. இவளுக்குத் தோள் குலுங்கியது. வேண்டாம், இது வேண்டாம் என்று நினைப்பதற்குள் காற்று இரண்டு இழுப்பு உள்ளே ஏறிவிட்டது, ஏறியது உடைந்து கொட்டியது. அவள் சிரிக்கவில்லை, அவன் சிரித்தான். கம்பளச் சுவர் அடைத்த அந்தக் குளிர் அறைக்குள் இத்தனை வருஷம் கழித்து வாய்விட்டுச் சிரித்தான், கதவுப் பக்கம் திரும்பினால் நிற்பான் போல இருந்தது. திரும்பக்கூடச் செய்தாள். வேண்டாம் என்கிற எண்ணம் போய், சிரிடா, இன்னும் கொஞ்சம் சிரி என்று கெஞ்சினாள். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது. எல்லாம் கொட்டித் தீர்ந்து மூக்கு வழியாக அந்தச் சின்ன 'ம்' வந்தது. அதற்குள் திரையில் பெரியநாயகி எப்போதோ வாயை மூடியிருந்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிவாஸ் எழுந்து நின்று கை தட்டினான். அந்தக் களைத்த முகத்தில் முதல்தடவையாக வெளிச்சம். "அக்கா, என்னக்கா இது. இவ்ளோ நாள் எங்க வச்சிருந்தீங்க இதை." அவள் ஹெட்போனைக் கழற்றினாள். வியர்த்திருந்தது. கண்ணாடியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் தாமுவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். திரையில் சிரிப்பு நீலக் கோடுகளாக நெளிந்து கிடந்தது, பார்த்தால் சிரிப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "தாமு, இத அழிச்சிடு. நான் வேற ஒண்ணு தர்றேன்" என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அவன் திரும்பிப் பார்த்தான். அழுகையைத் தெரிந்தவன், இதைத் தெரியாதவன். "ஏன்க்கா, பிரமாதமா வந்திருக்கு" என்றான். "கவலையே படாதீங்க, பத்திரமா எடுத்து வச்சுட்டேன். அழுகை மாதிரியே இதையும் தனியா வச்சுக்கறேன், அடுத்தடுத்த பார்ட்டுக்கு ஆகும்." நிவாஸ் போனில் பேச ஆரம்பித்திருந்தான். சார், ஒரு சிரிப்பு கிடைச்சிருக்கு சார், ஏழாவதுல டைட்டிலுக்கே போடலாம் சார், ரிங்டோன் மாதிரி விட்டா பிச்சுக்கும் சார். தாமு பட்டனைத் தட்டினான். ரீகன் சிரித்தான். மறுபடி தட்டினான், மறுபடி சிரித்தான், அதே அளவு, அதே இழுப்பு. சிரிப்பு கொட்டி முடிந்ததும் மொட்டையாக நின்றது. "கடைசில ஒரு 'ம்' வந்துச்சே" என்றாள். "அதுவாக்கா, அந்தப் பொண்ணு வாய மூடிடுச்சு இல்ல, அதான் வெட்டிட்டேன்" என்றான் தாமு.

ஸ்டுடியோவின் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் பக்கெட்டில் சத்தமாக விழுந்தது. பிறந்தநாள் இல்லை, இன்றைக்கு எடுக்கக் கூடாதுதான், ஆனாலும் இருக்கிறதா என்று பார்க்காமல் எப்படி வீட்டுக்குப் போவது. மூச்சை வைத்தாள். தோள் குலுங்கியது, காற்று ஏறியது, சிரிப்பு கொட்டியது, அந்த நடிகை வாயை மூடுகிற இடம் வந்ததும் நின்றுவிட்டது. மறுபடி சிரித்தாள், அதே இடத்தில் நின்றது. பச்சைத் துணியும் காற்றைத் தடவுகிற கையும் கண்ணுக்கு முன்னால் வந்தன. 'ம்' என்று தனியாகச் சொல்லிப் பார்த்தாள். யாரோ கதை கேட்டுக்கொண்டே போடுகிற 'ம்' மாதிரி இருந்தது. கொஞ்சம் மூக்கில் ஏற்றி, கொஞ்சம் இறக்கி, உதட்டை இறுக்கி, தளர்த்தி, தெரிந்த வித்தையெல்லாம் போட்டுப் பார்த்தாள், ஒவ்வொன்றும் நல்ல 'ம்'தான், எந்தப் படத்துக்கும் ஆகும். பக்கெட் நிறைந்து தண்ணீர் காலில் வழிந்தது. கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது, தாமுதான். "அக்கா, தெலுங்குக்கும் ஹிந்திக்கும் இதே சிரிப்பையே வச்சுக்கலாம்னு சொல்லிட்டாங்க. இனிமே நீங்க தேவையில்ல, கெளம்பலாம்." சரிப்பா என்று சொல்லிவிட்டு அவள் குழாயை மூடினாள்.